வேருக்கு வந்த விருந்தாளி

ஞாயிற்றுக்கிழமை. அப்புத்தளைச் சந்தைக்குப் போன அம்மாயி திரும்பிவிட்டார். லயத்து இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு கட்டைப் பிரிக்கிறார். வெல்லவாயாப் பக்கத்து வெயிலில் வளர்ந்து, பஸ்ஸில் மலையேறி வந்த குப்பைமேனி. வேரோடு பிடுங்கியது. பேரன் காலெல்லாம் சொறி. அம்மிமேல் மஞ்சளும் உப்பும் தயார்.

இலையைக் கிள்ளிக்கொள்கிறார். வேரை வாசலில் எறிகிறார்.

இரண்டாவது வேர் விழுவதற்குள் கூரைத் தகரத்தில் சத்தம். கடைசிக் காம்பராப் பூனை. சாம்பல் நிறம், கிழிந்த காது, யாரையும் கிட்ட அண்டவிடாத குணம். குனிந்து முகர்கிறது. கடிக்கிறது. எச்சில் ஒழுகக் கன்னத்தை வேரில் தேய்க்கிறது. அப்புறம் மானம் மரியாதை பார்க்காமல் மல்லாந்து புரள்கிறது.

சீமைப் பூனைகளை இப்படிக் கிறங்க வைப்பது நெபெட்டா என்ற புதினா இனத்துச் செடி, அதிலுள்ள நெபெட்டாலாக்டோன். குப்பைமேனிக்கும் புதினாவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, இது ஆமணக்குக் குடும்பம். ஆனால் இதன் வேரில் அந்தப் பொருளின் பங்காளிகள் ஒளிந்திருப்பதை 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். கிறிஸ்துமஸ் தீவில் காடேறிவிட்ட வீட்டுப்பூனைகளைப் பொறிக்கு இழுக்க வழி தேடியபோது கண்டது. தமிழில் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது: பூனைவணங்கி. வணங்குகிற மாதிரி தெரியவில்லை. சம்பள நாளில் கள்ளுக்கடை வாசல்தான் ஞாபகம் வருகிறது.

பக்கத்துக் காம்பரா மஞ்சள் பூனையும் வந்து முகர்ந்து பார்த்தது. ஒன்றுமில்லை, போய்விட்டது. நெபெட்டாவுக்கும் மூன்றில் ஒரு பூனை மசியாதாம். அது பிறவிக் குணம்.

பத்து நிமிஷம் இருக்கும். சாம்பல் பூனை எழுந்து, உடம்பை உதறி, எதுவும் நடக்காதது போல முன்னங்காலை நக்கிக்கொள்கிறது. கீழே தண்டவாளத்தில் பதுளை ரயில் ஊதுகிறது. பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வாசலைத் தொடுகிறது.

அம்மாயி எழுந்து வேர்களைப் பொறுக்குகிறார்.

"குப்பைய எதுக்கு எடுக்குறீங்க அம்மாயி?" என்கிறான் பேரன்.

"மா சாக்க எலி கடிக்குதுல்ல? இத பக்கத்துல போட்டா இவனும் அங்கேயே கெடப்பான்."

வேருடன் உள்ளே போகிறார். பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேயிலை நிரைக்குள் இறங்கிப் போகிறது.