டொக்டரிடம் முழுதாகச் சொல்லுங்கள்

கனடாவில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் அடிக்கடி ஒன்று கேட்பேன்: "வேலையிடத்தில் நீண்டகால இயலாமைக் காப்புறுதி இருக்கா?" பலருக்குத் தெரியாது. பல்லுக்கு எவ்வளவு, கண்ணாடிக்கு எவ்வளவு என்பதெல்லாம் நுனிநாக்கில் இருக்கும். புற்றுநோயோ முதுகு வருத்தமோ வந்து இரண்டு வருடம் படுத்துவிட்டால் வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவது என்பதற்கும் அதே சலுகைப் புத்தகத்தில்தான் பதில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை.

தொழிற்சங்கத்தில் இருந்த காலத்திலும் ஓய்வுபெற்ற பிறகும், காப்புறுதிப் படிவங்களோடு வந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பொதுவாக இந்தக் காப்புறுதி சம்பளத்தில் 60 முதல் 70 வீதம் வரை தரும். இயலாமை நீடித்தால் பெரும்பாலும் 65 வயது வரை வரும். ஆனால் படுத்த மறுநாளே தொடங்காது. நான்கு முதல் ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு வேலையிடத்தின் குறுங்கால உதவியோ, ஈ.ஐ. எனப்படும் அரச வேலையிழப்புக் காப்புறுதியின் நோய்க்காலப் பணமோ கைகொடுக்கும். முன்பு 15 வாரமாக இருந்த அந்த ஈ.ஐ. காலம் 2022 டிசம்பரில் 26 வாரமாகியது. சந்தாவை முழுவதும் நீங்களே கட்டினால் வரும் பணத்துக்கு வரி இல்லை. முதலாளி கட்டினால் வரி உண்டு. இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது 24ஆவது மாதத்தில். முதல் இரண்டு வருடம், "நான் செய்துவந்த வேலையை என்னால் செய்ய முடியாது" என்று காட்டினால் போதும். அதன்பின் பல ஒப்பந்தங்களில் அளவுகோல் மாறிவிடும். உங்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் பொருந்தும் எந்த வேலையையுமே செய்ய முடியாது என்று காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி ஊரில் கணக்கு ரீச்சராக இருந்தவர். இங்கே வந்து பொதி கட்டும் தொழிற்சாலையில் தோள்பட்டை தேயும்வரை உழைத்தார். கனடாவில் யாருமே மதிக்காத அந்தப் பட்டத்தைக் காப்புறுதிக்காரர் 24ஆவது மாதக் கடிதத்தில் மதித்தார்கள். "நீங்கள் படித்தவர், மேசை வேலை செய்யலாம்" என்று எழுதிப் பணத்தை நிறுத்தினார்கள்.

அவருடைய கோப்பை வரவழைத்து இருவருமாகப் படித்தோம். அவரை வீழ்த்தியது பட்டம் மட்டுமல்ல. குடும்ப வைத்தியரின் குறிப்புகளில் வரிக்கு வரி "நோ குறைகிறது", "சமாளிக்கிறார்" என்றே இருந்தது. வீட்டில் நடந்தது வேறு. சோற்றுப் பானையைக் கணவர்தான் இறக்கி வைப்பார். மகளுக்குத் தலை பின்னிவிடக் கை உயராது. இரவில் கதிரையில் சாய்ந்தபடியே தூங்குவார். "இதெல்லாம் டொக்டரிட்ட சொன்னீங்களா பிள்ளை?" என்று கேட்டேன். "அவர் எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேப்பார் அண்ணை. பரவாயில்லை, சமாளிக்கிறன் எண்டு சொல்லுவன். வேறென்னத்தைச் சொல்ல?"

நம்மில் அநேகமானவர்கள் இப்படித்தான். போருக்குள் இருந்து வந்தவர்கள், இரண்டு வேலை செய்து வீடு வாங்கியவர்கள், இயலவில்லை என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள். அந்த மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் காப்புறுதிக்காரர் பெரும்பாலும் உங்களை வந்து பார்ப்பதில்லை. வைத்தியர் எழுதியதைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் சொல்லாததை அவர் எழுத முடியாது. ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, எவ்வளவு பாரம் தூக்க முடிகிறது, மருந்து எப்போது மயக்குகிறது, ஒருநாள் கடைக்குப் போனால் அடுத்த நாள் எப்படி இருக்கிறது. கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

மன நோயில் இந்த மறைப்பு இன்னும் கூடுதல். தமிழ் டொக்டரிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும், நாளைக்குப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வரமாட்டார்கள் என்று பயம். வைத்தியர் உங்கள் இரகசியத்தைக் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். மனநல நிபுணரிடம் போகாமல், சொன்ன மருந்தை எடுக்காமல் இருந்தால், நோய் அவ்வளவு கடுமையானதல்ல என்று காப்புறுதிக்காரர் வாதிட அதுவே போதும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் கொனி ஃபிட்லர் என்ற பெண்ணின் வழக்கை நான் பலருக்குச் சொல்வதுண்டு. வங்கியில் வரவேற்பாளராக இருந்தவர். தீராத களைப்பும் உடல்வலியும் கொண்ட நோயால் 1991 முதல் பணம் பெற்றார். 1997இல் காப்புறுதிக்காரர் அதை நிறுத்தினார்கள். ஆள் வைத்து இரகசியமாகப் படம் பிடித்திருந்தார்கள். வாகனத்தில் ஏறுவதும் கடைக்குப் போவதும் அதில் இருந்தன. அவர் வேலை செய்யக்கூடியவர் என்று சொல்ல எந்த மருத்துவச் சான்றும் அவர்களிடம் இல்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு, வழக்கு விசாரணைக்கு வரும் தறுவாயில்தான் பணத்தைக் கொடுத்தார்கள். 2006இல் கனடா உச்ச நீதிமன்றம், அவர் பட்ட மன உளைச்சலுக்கென்று 20,000 டொலரையும் உறுதிசெய்தது. காப்புறுதிக்காக நாம் கட்டும் காசு நெருக்கடிக் காலத்தில் மன நிம்மதிக்காகவும்தான் என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நோயாளி கடைக்குப் போனால் குற்றமில்லை. கடைக்கே போவதில்லை என்று படிவத்தில் எழுதிவிட்டுப் போனால்தான் வில்லங்கம்.

சீ.பீ.பீ. எனப்படும் கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமைப் பென்சனுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லிக் காப்புறுதிக்காரர் கேட்பார்கள். முதலில் மறுப்பு வந்தால் 90 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். கிடைக்கும்போது கடந்துபோன மாதங்களுக்கும் சேர்த்து ஒரு பெருந்தொகை வங்கியில் விழும். அதில் கை வைக்க வேண்டாம்! ஒரு குடும்பம் அந்தக் காசில் மகளின் சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பிடித்தது. அடுத்த மாதமே, இரட்டிப்பாகக் கொடுத்ததைத் திருப்பித் தாருங்கள் என்று காப்புறுதிக்காரரின் கடிதம் வந்தது. அப்படித் திருப்பிக் கேட்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

மறுப்புக் கடிதம் வந்தால் திகதியைக் குறித்து, உறையையும் பத்திரப்படுத்துங்கள். ஒன்ராறியோவில் வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம்தான் உண்டு. காப்புறுதிக்காரர் "எங்களிடமே மேன்முறையீடு செய்யலாம்" என்று கனிவாக எழுதுவார்கள். செய்யலாம், ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்வரை அந்த இரண்டு வருடமும் காத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒருமுறை மேன்முறையீடு தோற்றால், அடுத்ததற்கு முன் இந்தத் துறை தெரிந்த சட்டத்தரணியைப் பாருங்கள். கையில் காசில்லாவிட்டாலும், வென்றால் அதில் பங்கு என்ற முறையில் எடுத்து நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, என்னை அதிகம் வருத்துவது. இயலாமல் போனவுடன் முதலாளிக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று மானத்தோடு வேலையை விட்டு விலகிவிடுகிறார்கள். காப்புறுதிப் பாதுகாப்பு வேலையோடு கட்டுண்டது. வேலையில் இருக்கும்போதே இயலாமை தொடங்கியது என்று மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்தால் உரிமை நிற்கும். விலகிய பிறகு அதை நிறுவுவது பெரும்பாடு. முகாமையாளர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், விலகல் கடிதத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் வைத்தியரிடம் போய்வந்து, காப்புறுதி விண்ணப்பத்தை அனுப்பி, அதன் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.