தலையெழுத்தும் ஒரு மஞ்சள் சரடும்

"நம்ம வம்சத்துக்கெல்லாம் அம்பத்தஞ்சுதான். அதுக்கு மேல ஸ்டாக் இல்லை!"

மயிலாடுதுறையில் அந்த மாமா சிரித்துக்கொண்டே சொல்லும் வசனம் இது. தாத்தா 51 வயதில் போனார். பெரியப்பா 54. அப்பா 53. மூவருக்குமே மாரடைப்பு. பக்கத்திலிருக்கும் திருக்கடையூரில் உறவினர் யாருக்காவது அறுபதாம் கல்யாணம் என்றால் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார். "சாப்பிடறதோட சரி. மணையில உக்கார்ற யோகம் நமக்கு இல்லை" என்பார்.

மாடி ஏறினால் மூச்சு வாங்கும். "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்கோளேன்" என்று மாமி கெஞ்சினால், "தலையில எழுதினதை ஈ.சி.ஜி. மாத்திடுமா?" என்று பதில் வரும். சிகரெட்டையும் விடவில்லை. ஆனால், இன்ஷூரன்ஸ் பத்திரம் எந்த பீரோவில், எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மட்டும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்.

அவருக்கு 52 வயதானபோது வந்த காரடையான் நோன்பு. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம். அரிசி மாவும் காராமணியும் சேர்த்த வெல்ல அடை, உப்பு அடை, பக்கத்தில் உருகாத வெண்ணெய். மாமி மஞ்சள் சரடைக் கட்டிக்கொண்டு நமஸ்காரம் செய்து எழுந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் கேட்டாள்:

"ஏம்மா, சாவித்திரி சரடு கட்டிண்டு ஆத்துலயே உக்காந்திருந்தாளா?"

அவள் சும்மாதான் கேட்டாள். மாமிக்குச் சுருக்கென்று தைத்தது.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் கதை அது. சத்தியவானுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் ஆயுள் என்று நாரதர் சொல்லிவிடுகிறார். 'வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்' என்கிறார் தந்தை அசுவபதி. சாவித்திரி கேட்கவில்லை. அவனையே மணக்கிறாள். ஒவ்வொரு நாளாக எண்ணுகிறாள். கடைசி மூன்று நாட்கள் விரதம். குறித்த நாளில் அவனைத் தனியாக விடாமல் காட்டுக்கும் கூடவே போகிறாள். விறகு வெட்டும்போது தலை வலிக்கிறது என்று அவள் மடியில் சாய்கிறான் சத்தியவான். எமன் வந்து உயிரை எடுத்துக்கொண்டு தெற்கே நடக்க, இவளும் பின்னாலேயே நடக்கிறாள்.

சண்டை போடவில்லை. சபிக்கவில்லை. தர்மம் பேசிக்கொண்டே நடக்கிறாள். 'திரும்பிப் போ' என்று எமன் சொல்லச் சொல்ல இன்னும் நடக்கிறாள். மாமனாருக்குப் பார்வை, அவர் இழந்த ராஜ்யம், தந்தைக்குப் புத்திரர்கள், தனக்குப் புத்திரர்கள் என்று ஒவ்வொரு வரமாக வாங்கி, கடைசியில் கணவன் உயிரையும் வாங்குகிறாள்.

நாரதர் வாக்கு பொய்யாகவில்லை. சொன்ன நாளில் சத்தியவான் இறந்தான். விதி தன் வேலையைச் செய்தது. சாவித்திரி தன் வேலையைச் செய்தாள்.

இந்தக் கதையைத் தருமருக்குச் சொல்பவர் யார் தெரியுமா? மார்க்கண்டேயர்! 16 வயதுதான் என்று விதிக்கப்பட்டும், சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டு எமனிடமிருந்து தப்பியதாகப் புராணம் சொல்லும் அதே மார்க்கண்டேயர். அது நடந்த தலமாகச் சொல்லப்படுவது திருக்கடையூர். அங்கேதான் மாமா பந்தியில் உட்கார்ந்து 'யோகமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை. "சட்டையைப் போட்டுக்கோங்கோ. ஆட்டோ வந்தாச்சு" என்றார் மாமி.

"எங்கே?"

"எமன் கூட்டிண்டு போறதுக்கு முன்னாடி நான் கூட்டிண்டு போறேன்."

டாக்டர் முதலில் கேட்டது குடும்பத்தைப் பற்றித்தான். "அப்பாவுக்கு 55 வயசுக்குள்ள மாரடைப்பு வந்திருந்தா, அது பிள்ளைக்கு எச்சரிக்கை சார். நீங்க அதைத் தீர்ப்புன்னு நினைச்சுட்டீங்க" என்றார். தஞ்சாவூரில் ஆஞ்சியோ எடுத்தார்கள். ஒரு ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். சிகரெட் போயிற்று. மாத்திரையும் காலை நடையும் வந்தன.

மாமி விதியை நம்பாதவர் இல்லை. அதற்குச் சில வருஷங்கள் முன்புதான் தம்பியைப் பறிகொடுத்தார். ஹெல்மெட் போட்டு, ஓரமாக, நிதானமாகப் போனவன் மேல் லாரி மோதியது. 'அன்னிக்கு அவனை அனுப்பாம இருந்திருக்கலாமோ' என்று துடித்த அவர் அம்மாவை, 'விதி' என்ற அந்த ஒரு சொல்தான் தூக்கி நிறுத்தியது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்த பிறகும் நடந்துவிட்டால், அந்தச் சொல் ஆறுதல். எதையுமே செய்யாமல் முன்கூட்டியே சொன்னால், அது சாக்கு.

வள்ளுவரும் இரண்டையும் சொல்லியிருக்கிறார். அறத்துப்பாலின் கடைசி அதிகாரமான 38-வது 'ஊழ்', விதியைவிட வலிமையானது எது என்று கேட்டு முடிகிறது. பொருட்பாலில் வரும் 62-வது அதிகாரம் 'ஆள்வினை உடைமை', தளராமல் முயல்பவர் அந்த விதியையே புறமுதுகு காட்டவைப்பார் என்று முடிகிறது. விதியின் பலத்தைச் சொன்ன பிறகும் அவர் முயற்சியை விடச் சொல்லவில்லை.

மாமாவுக்கு இப்போது 57. போன மாதம் திருக்கடையூரில் ஓர் உறவினரின் அறுபதாம் கல்யாணம். வழக்கம்போல முதல் பந்தி. ஆனால் வழக்கமான வசனம் வரவில்லை. கை கழுவிவிட்டு வந்தவர், சாஸ்திரிகளிடம் மெதுவாக விசாரித்தார்:

"மூணு வருஷம் கழிச்சுன்னா, மண்டபத்துக்கு எப்போ சொல்லி வைக்கணும்?"

மாமி காதில் விழாதது போல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.