ஆறு ஆண்டு, ஆறு பதக்கம்

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' ஆகாது என்பார்கள் நம் பெரியவர்கள். அயர்லாந்தில் ஒருவர் அப்படிக் கால் வைத்தும் கரையேறினார். பெயர் ஜாக் லிஞ்ச்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அயர்லாந்து என்றால் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகுதான் இவரைப் பற்றிப் படித்தேன். அவரும் என்னைப்போல் அரசாங்க குமாஸ்தா என்று தெரிந்ததும் பிடித்துப்போயிற்று.

1917 ஆகஸ்ட் 15-ல் கார்க் நகரில் பிறந்தார். அப்பா தையற்காரர். 1936 டிசம்பரில் அரசு வேலை. கார்க் நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்து உத்தியோகம். வேலை பார்த்துக்கொண்டே சட்டமும் படித்தார்.

அங்கே இரண்டு பழைய ஆட்டங்கள் உண்டு. ஹர்லிங்கில் மட்டையால் சிறு பந்தை அடிக்க வேண்டும். கேலிக் கால்பந்தில் பந்தைக் கையாலும் தொடலாம். இரண்டுக்கும் அணிக்குப் பதினைந்து பேர். இரண்டையும் ஆடுபவர் இரட்டை ஆட்டக்காரர்.

1939 ஹர்லிங் இறுதிப் போட்டியில் கார்க் மாவட்ட அணிக்கு லிஞ்ச்தான் தலைவர். இடியும் மழையுமான அன்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். பிறகு 1941 முதல் 1944 வரை ஹர்லிங், 1945-ல் கால்பந்து, 1946-ல் மறுபடி ஹர்லிங் என்று அகில அயர்லாந்துப் பதக்கம் ஆண்டு தவறாமல் வந்தது. தொடர்ந்து ஆறு ஆண்டு! ஆண்கள் ஆட்டத்தில் 2020-க்கு முன் வேறு எவரும் இதைச் செய்ததில்லை.

1945 இறுதிப் போட்டியன்று டப்ளினில் பேருந்துகள் எல்லாம் நிரம்பி வழிந்தனவாம். இவர் வரிசையைத் தாண்டிப் போய், 'இன்று ஆட வேண்டியவன் நான்' என்று நடத்துநரிடம் சொல்லி ஏறினாராம். நாடறிந்த வீரருக்கு வண்டி அனுப்ப ஆளில்லை. ஏனென்றால் அந்த ஆட்டங்களுக்குச் சம்பளமே கிடையாது, இன்றும் கிடையாது.

அந்த ஆண்டே வழக்கறிஞரானார். 1948-ல் நாடாளுமன்றம் போனார். 1966-ல் பிரதமரானார்.

உத்தியோகம் கிடைத்த கையோடு பந்தைப் பரணில் போட்டவர்கள் என் தலைமுறையில் ஏராளம். காசு தராத ஒன்றுக்கு மாலை நேரத்தை எதற்குக் கொடுப்பது என்ற கணக்கு. லிஞ்சுக்கும் மாதச் சம்பளம் மேசையிலிருந்துதான் வந்தது. ஆனால் 1999-ல் அவர் மறைந்தபோது, பிரதமரை நினைத்தவர்களோடு ஆட்டக்காரரை நினைத்தவர்களும் இருந்தார்கள். பயிற்சி கடுமையாகிவிட்ட இந்நாளில் இரட்டை ஆட்டக்காரர்கள் அங்கேயே அரிது. போட்டியன்று பேருந்துக்குக் காத்து நின்ற அந்த மனிதர்தான் எனக்குப் பிரதமரைவிடப் பெரியவர்.