கழற்றி வைக்க வேண்டிய நாள்

கண்ணாடியா, கான்டாக்ட் லென்ஸா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு நல்ல நாளை மனத்தில் வைத்துத்தான் யோசிக்கிறார்கள். அந்த நாளில் சோப்புப் போட்டுக் கை கழுவ நேரம் இருக்கும், லென்ஸ் டப்பாவில் புதுத் திரவம் இருக்கும், படுக்கப் போகுமுன் நிலைக்கண்ணாடி முன் நின்று பொறுமையாகக் கழற்றி வைக்கத் தெம்பும் இருக்கும். அப்படிப்பட்ட நாளில் லென்ஸ்தான் ஜெயிக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்வையை ஃபிரேம் மறைக்காது, மூக்கில் தடம் விழாது, வியர்வையில் நழுவி இறங்காது, இட்லிப் பானையைத் திறந்தால் ஆவி படிந்து உலகம் மறையாது. ஆனால் தினமும் அணியப்போகிற ஒன்றை நல்ல நாளை மட்டும் வைத்து எடை போட முடியாது. காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் நாள் உண்டு. இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகும் நாள் உண்டு. கல்யாண வீட்டில் ஒரே குளியலறைக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும் நாளும் உண்டு. நம்முடைய அசட்டையை அந்த நாட்களில் எது பொறுத்துக்கொள்ளும் என்று கேட்டால், அன்றாடத்துக்குக் கண்ணாடிதான் அடிப்படை என்றும், லென்ஸ் அதற்கு மேல் வேண்டியவர்கள் சேர்த்துக்கொள்ளும் வசதி என்றும்தான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

காரணம் கருவிழியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒளி தங்குதடையின்றி உள்ளே போக வேண்டும் என்பதால் அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. உடம்பின் மற்றப் பாகங்களுக்கு ரத்தம் சுமந்துபோகும் ஆக்சிஜனை, கருவிழி காற்றிலிருந்து கண்ணீர்ப் படலத்தின் வழியே நேராக எடுத்துக்கொள்கிறது. கண் மூடியிருக்கும்போது இமையின் உட்புறத்திலிருந்து கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். 1888இல் அடால்ஃப் ஃபிக் விவரித்த கண்ணாடியாலான லென்ஸும் சரி, பின்னால் வந்த கடினப் பிளாஸ்டிக் லென்ஸும் சரி, இந்த வழியை அடைத்தன. செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகள் விளையாடும் மெர்குர் உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் சேர்த்து வீட்டிலேயே ஒரு சுழல் இயந்திரம் கட்டி, மெத்தென்ற லென்ஸை வார்த்தெடுத்தார். பத்து ஆண்டுகளில், 1971இல், மென்லென்ஸ் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. 1990களின் கடைசியில் சிலிகோன் ஹைட்ரோஜெல் என்ற புதிய லென்ஸ் பொருள் வந்தபோது ஆக்சிஜன் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. அத்தோடு கிருமித் தொற்றும் தீர்ந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள்.

தீரவில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, மென்லென்ஸைப் பகலில் மட்டும் அணிந்த 10,000 பேரில் ஆண்டுக்குச் சுமார் 4 பேருக்குக் கருவிழியில் கிருமிப் புண் வந்தது. இரவிலும் போட்டபடியே தூங்கியவர்களில் சுமார் 21 பேருக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் இதேபோல் எண்ணி 2008இல் வெளியிட்டார்கள். பகலில் மட்டும் மென்லென்ஸ் அணிந்தவர்களில் சுமார் 2 பேர், போட்டபடி தூங்கியவர்களில் சுமார் 20 பேர், ஆக்சிஜனைத் தாராளமாக விடும் புதிய சிலிகோன் ஹைட்ரோஜெல்லைப் போட்டபடி தூங்கியவர்களில் 25 பேர். இரண்டு ஆய்வுகளுக்கும் இடையில் லென்ஸின் பொருளே மாறிவிட்டது, தூங்குபவர்களின் கணக்கு மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. கண்ணீர் ஓடுவதும் இமை துடைப்பதும்தான் கண்ணுக்கு வாய்த்த இயற்கையான காவல். லென்ஸ் இருக்கும்போது அந்தக் காவல் தளர்கிறது, கிருமி ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பும் கிடைக்கிறது. ஆகவே எந்த லென்ஸ் வாங்குகிறோம் என்பதைவிட அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதே பெரிது. எந்தத் தொழிற்சாலையாலும் அந்தப் பகுதியைச் சரிசெய்து அனுப்பிவிட முடியாது.

10,000 பேரில் இரண்டு, நான்கு பேர் என்பது அற்பமான எண்ணிக்கை, அதற்காக ஒரு வசதியை ஒதுக்குவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒழுங்காக நடந்துகொள்பவருக்கு லென்ஸ் பாதுகாப்பானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறிய எண், குழாயைத் திறந்தால் சுத்திகரித்த நீர் வருகிற ஊர்களில் எடுத்த எண். நம் வீடுகளில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில்தான் முகம் கழுவுகிறோம், குளிக்கிறோம். சிலர் லென்ஸ் டப்பாவையும் அதிலேயே அலசுகிறார்கள். தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி, கெட்டியான கூடு கட்டிக்கொண்டு குளோரினையே தாங்கக்கூடியது. லென்ஸோடு கண்ணுக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் சிகிச்சை எடுக்க வேண்டிவரும். பூஞ்சையின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. மதுரை மாவட்டத்தில் 1990களில் கணக்கெடுத்தபோது கருவிழிப் புண் 1 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 113 என்று தெரிந்தது. அமெரிக்காவில் கணக்கிட்டதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. அதில் லென்ஸுக்குப் பங்கில்லை, வயல்வேலையில் நெல் உமியும் தழையும் கீறியதால் வந்தவைதான் மிகுதி. இருந்தாலும் எந்த மாதிரிக் கிருமிகளோடு இங்கே காற்றும் தூசியும் கலந்திருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. போதாக்குறைக்கு நம் ஊர் மருந்துக் கடை ஒன்று இருக்கிறது. கண் சிவந்திருக்கிறது என்றால் சீட்டுக் கேட்காமலே ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை எடுத்து நீட்டுவார்கள். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு கொஞ்சம் அடங்கியது போலத் தெரியும், உள்ளே புண் பரவும். கருவிழியின் நடுவில் ஆறிய புண் வெள்ளைத் தழும்பாக நின்றுவிட்டால், கிராமத்தில் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பார்களே, அதுதான். அப்புறம் கண்ணாடியாலும் லென்ஸாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

தினமும் புதிதாகப் பிரித்துப் போட்டு இரவில் எறிந்துவிடும் லென்ஸ் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இருப்பதில் மேலானது அதுதான், லென்ஸ் வேண்டும் என்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். டப்பா இல்லை, திரவம் இல்லை, அவை இரண்டும் கொண்டுவரும் வம்பும் இல்லை. 2006இல் ஒரு பெரிய நிறுவனத்தின் லென்ஸ் திரவத்தோடு தொடர்புடைய பூஞ்சைத் தொற்று சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று பல இடங்களில் தலைகாட்டி, அந்தத் திரவத்தையே உலகம் முழுவதும் சந்தையிலிருந்து எடுத்தார்கள். பழைய திரவத்தைக் கொட்டாமல் அதன் மேலேயே புதியதை ஊற்றிக்கொள்ளும் பழக்கமும் அதில் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ஆனாலும் அதே ஆஸ்திரேலிய ஆய்வில் தினசரி லென்ஸ் அணிந்தவர்களுக்கும் புண் வரும் வீதம், பகலில் மட்டும் மென்லென்ஸ் அணிந்தவர்களுக்கு வந்த அளவுக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. வந்தால் பார்வை பாதிக்கும் அளவுக்கு முற்றுவது குறைவு என்பதுதான் அதன் உண்மையான லாபம். அது சின்ன லாபமல்ல. ஆனால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 730 லென்ஸ். மாதச் சம்பளத்தில் வாழ்பவர், இன்று நான்கு மணி நேரம்தானே போட்டோம் என்று நாளைக்கும் அதையே எடுத்து வைக்கத் தொடங்குவார். டப்பா இல்லாததால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைப்பார். அங்கே போய்ச் சேர்ந்த பின் அதற்குத் தினசரி லென்ஸ் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம்.

அன்றாடம் என்று வந்துவிட்ட பிறகு சமையலறையைத் தவிர்க்க முடியாது. அடுப்புச் சூட்டில் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிவிடும் என்று ஒரு வதந்தி பல காலமாக உலவுகிறது. அது சுத்தக் கட்டுக்கதை, அதை வைத்து நான் வாதாட மாட்டேன். என் கவலை பச்சை மிளகாய் நறுக்கிய விரல். மிளகாயின் காரம் எண்ணெயில் கரையுமே தவிர வெறும் தண்ணீரில் எளிதில் போகாது, அந்த விரலால் லென்ஸைத் தொட்டவர் படும் பாடு சொல்லி மாளாது. கடுகு வெடிக்கும்போதும் எண்ணெய் தெறிக்கும்போதும் முகத்தில் இருக்கும் கண்ணாடி சும்மா இருந்தபடியே ஒரு வேலை செய்கிறது. இருசக்கர வண்டியில் போகும்போதும் அப்படித்தான். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியை நுழைப்பது தொல்லை என்பது உண்மை, ஆனால் லென்ஸுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினால் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் உயிர் போய்விடும். நாள் முழுக்க ஏசி அறையில் கணினியைப் பார்க்கும் வேலை என்றால் இன்னொன்றும் சேர்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண் திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலத்தை ஏற்கெனவே இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் லென்ஸ் மாலைக்குள் உறுத்தத் தொடங்கிவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகு, என் தீர்ப்பு செல்லாத ஓர் இடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சிலருக்கு லென்ஸ் வசதிக்கானதல்ல, மருத்துவம். கெரட்டோகோனஸ் என்ற நோயில் கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும். அந்தக் கோணல் பரப்பைக் கண்களுக்கு முன்னால் நிற்கும் எந்தக் கண்ணாடியாலும் சீராக்க முடியாது. காற்றுப் புகும் கடின லென்ஸை மேலே வைத்தால், மேடு பள்ளத்தைக் கண்ணீர் நிரப்பி ஒழுங்கான புதுப் பரப்பை உண்டாக்குகிறது. அதிகப் பவர் உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு. கண்ணாடி கருவிழிக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. அந்தச் சிறு தூரத்தால், மைனஸ் 10 கண்ணாடி போடுபவருக்கு லென்ஸில் மைனஸ் 9 போதும். கண்ணாடி வழியே எல்லாம் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிறுத்துத் தெரிந்ததும் லென்ஸில் பெரும்பாலும் இயல்பாகிவிடும். ஒரு கண் மைனஸ் 1, மறு கண் மைனஸ் 7 என்றால் கண்ணாடியில் இரண்டு கண்ணும் இரண்டு அளவில் படம் காட்டி மூளையைத் திணறடிக்கும். இவர்களிடம் போய்க் கண்ணாடியின் பெருமையைப் பேசுவது அறிவீனம். ஆனால் கடைகளில் லென்ஸ் கேட்டு நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் மைனஸ் 2, மைனஸ் 3காரர்கள். அந்தப் பவரில் பார்வையின் தரத்தில் வித்தியாசம் சொற்பம். இன்னொரு செய்தியையும் கடைக்காரர் சொல்ல மாட்டார். நாற்பதை நெருங்கும் கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடி வழியே படிக்கும்போது, லென்ஸில் படிப்பதைவிடக் கண்ணின் தசைக்கு உழைப்புக் குறைவு. லென்ஸுக்கு மாறியவுடன் வெள்ளெழுத்து திடீரென்று வந்துவிட்டது போல அவர் திகைப்பார். கண்ணாடிக்காரரோ சின்ன எழுத்து வந்தால் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படித்துவிடுவார்.

முகத்தைப் பற்றிய வாதத்தைக் கிண்டலாக ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. கண்ணாடி போட்ட பெண் என்பதைக் குறையாக எண்ணும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, வரன் தேடும் புகைப்படத்துக்குக் கழற்றச் சொல்லும் தாய்மார்களும் இருக்கிறார்கள். இது நம் ஊருக்கு மட்டும் உரியதுமல்ல. தென்கொரியாவில் 2018 ஏப்ரலில் எம்பிசி தொலைக்காட்சியின் காலைச் செய்தியைக் ஒரு பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தபோது அதுவே உலகச் செய்தியாயிற்று. 2019இல் ஜப்பானில் சில பணியிடங்கள் பெண்கள் கண்ணாடி அணியக் கூடாது என்று வைத்திருந்த விதி பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து செய்தி வாசிக்கும் ஆணின் கண்ணாடியை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒருவர் தன் முகத்துக்காகத் தானே லென்ஸை விரும்பினால் நாம் சொல்ல ஒன்றுமில்லை, கல்யாணத்துக்கும் மேடைக்கும் போட்டுக் கழற்றட்டும். அது எப்போதாவது அணிவது, அதற்கு லென்ஸ் நன்றாகவே பொருந்தும். பிறருடைய கண்ணுக்காகத் தன் கண்ணில் நாள் தவறாமல் பதினான்கு மணி நேரம் போட்டுக்கொள்வதுதான் யோசிக்க வேண்டியது. மணப்பெண் அலங்காரத்துக்காகப் பவரே இல்லாத கலர் லென்ஸைக் கண் பரிசோதனை இல்லாமல் வாங்கி, தோழிகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது இந்த ஆசையின் ஆபத்தான எல்லை.

லென்ஸும் கண்ணாடியும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று கடையில் பேசப்படுவதிலேயே கோளாறு தொடங்குகிறது. லென்ஸ் போடும் ஒவ்வொருவருக்கும் இன்றைய பவரில் ஒரு நல்ல கண்ணாடி கட்டாயம் தேவை. பலரிடம் இருப்பது நான்கு வருடம் முந்திய பவரில் கால் உடைந்த ஒன்று, அலமாரியின் அடியில். அப்படி ஒருவருக்குக் காலையில் கண் லேசாகச் சிவந்து உறுத்துகிறது. லென்ஸைக் கழற்றி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கழற்றினால் வண்டி ஓட்ட முடியாது, ஆபீஸில் திரை தெரியாது. ஆகவே இன்றைக்கு மட்டும் என்று மறுபடி மாட்டிக்கொள்கிறார். லென்ஸ் அணிபவர்களில் நான் அதிகம் பயப்படுவது இவரைப் பற்றித்தான். கையில் காசு இருக்கும்போது முதலில் பரிசோதனை செய்து நல்ல கண்ணாடி ஒன்று வாங்க வேண்டும், மிஞ்சியதில் லென்ஸ் வாங்கலாம். வலியோ, வெளிச்சம் பார்க்கக் கூச்சமோ, மங்கலோ சிவப்போடு சேர்ந்து வந்தால் மருந்துக் கடையைத் தாண்டி நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கழற்றிய லென்ஸைக் குப்பையில் போட்டுவிடாமல், டப்பா இருந்தால் அதையும் சேர்த்துக் கையோடு கொண்டுபோவது நல்லது. எந்தக் கிருமி என்று சோதனைச் சாலையில் வளர்த்துப் பார்க்க அது உதவும்.