சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு!

சங்ககிரி பக்கம் ஒரு பழைய லாரி. டிரைவரும் அவரே, ஓனரும் அவரே. ஒரு நாள் காலையில் இன்ஜினுக்குக் கீழே மண் ஈரமாக இருந்தது. தொட்டு மோந்து பார்த்தார். டீசல்!

"சொட்டுதானே, பாத்துக்கலாம்" என்று லோடு ஏற்றக் கிளம்பிவிட்டார்.

இந்த "சொட்டுதானே"வைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சொட்டு 1 மில்லி என்று தோராயமாக வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஒரு சொட்டு என்பது மணிக்கு 120 மில்லி. 8 மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட 1 லிட்டர் ரோட்டோடு போச்சு. மாதம் 25 நாள் வண்டி ஓடினால் 24 லிட்டர். இதை எந்தச் செலவில் எழுதுவது?

ஆனால் இது சின்ன நஷ்டம்தான். பெரிய நஷ்டம், ஒழுகலைத் தப்பான வழியில் நிறுத்தப் போனால் வருவது.

நம்ம ஓனரும் அதைத்தான் செய்தார். ஸ்பேனரை எடுத்து பம்பில் ஈரமாக இருந்த நட்டையெல்லாம் முறுக்கினார். நிற்கவில்லை. மேலே சோப்பை அப்பினார். அரை நாள் நின்றது, பிறகு பழையபடி. மூன்றாம் நாள் காலையில் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. டேங்க் கீழே, பம்ப் மேலே. ராத்திரி வண்டி நிற்கும்போது டீசல் மெல்ல இறங்கியது. டீசல் வெளியே வந்த அதே வழியில் காற்று உள்ளே போய்விட்டது. ஏர் லாக்!

பம்ப் மெக்கானிக் வந்தார். வந்தவர் ஸ்பேனரையே தொடவில்லை. பிரஷ்ஷால் பம்பைச் சுத்தமாகக் கழுவித் துணியால் துடைத்தார். கை பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினார். அப்புறம் கேட்டார், "ஏனுங்ணா, வண்டியில பவுடர் இருக்குங்களா?"

"எதுக்குத் தம்பி, மேக்கப் போடவா?"

"பம்புக்குங்ணா."

முகத்துக்குப் போடும் பவுடரை பம்ப் முழுக்கத் தூவி இன்ஜினை ஓடவிட்டார். எல்லா இடமும் வெள்ளை. நாலாவது டெலிவரி வால்வ் ஹோல்டரைச் சுற்றி மட்டும் முதலில் கருத்தது. அங்கே கசிந்த டீசல், பம்பின் உடம்பு வழியாக இறங்கி, அடியிலிருந்த நட்டில் வந்து சொட்டியிருக்கிறது. பாவம், மூன்று நாளாக முறுக்கு வாங்கியது அந்த அடி நட்டு.

இதற்குள் ஓனர் குனிந்து, பைப் நட்டில் ஒழுகுகிறதா என்று விரலை நீட்டினார். மெக்கானிக் பட்டென்று கையைத் தட்டிவிட்டார். இந்த ரக இன்ஜினில் நாசில் திறப்பதே சுமார் 200 பாரில். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். ஊசி முனை அளவு ஓட்டையில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் சின்னப் புள்ளி. உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பார்க்க வேண்டுமானால் ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள், விரலை வேண்டாம்.

"இடம் தெரிஞ்சிருச்சே, அதையே இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்கிடலாமே?" என்றார் ஓனர்.

அங்கேதான் ஆபத்து. பம்புக்குள் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி 2, 3 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஹோல்டரை அளவுக்கு மீறி முறுக்கினால் பேரல் கோணி, பிளஞ்சர் இறுகிக்கொள்ளும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கும் அதோடு சிக்கிக்கொள்ளும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் வேகம் குறையாது. தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கும்போது அப்படி ஆனால்?

இன்ஜினை நிறுத்திவிட்டு மெக்கானிக் பைப்பைக் கழற்றி, தூசி போகாமல் முனைகளை மூடினார். ஹோல்டரைத் திறந்தார். உள்ளே இருந்த ஓ ரிங் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வயசு ஒரு காரணம். டீசலும் மாறிவிட்டது. இந்தியா முழுக்க 2017 ஏப்ரலில் 50 பிபிஎம் கந்தகமும், 2020 ஏப்ரலில் 10 பிபிஎம் கந்தகமும் உள்ள டீசல் வந்தது. கந்தகத்தை எடுக்கும்போது ரப்பரை உப்ப வைக்கும் அரோமேட்டிக் பொருட்களும் குறைகின்றன. பழைய டீசலில் ஊறி உப்பிய நைட்ரைல் ரப்பர் இதில் சுருங்கிக் கசிய ஆரம்பிக்கும். அமெரிக்காவில் 1993-லேயே இந்தத் தொல்லை வந்திருக்கிறது. அதனால் புது ஓ ரிங் வைட்டானில் போட்டார். காப்பர் வாஷரும் புதுசு. வால்வும் அதன் சீட்டும் ஜோடி என்பதால் ஒரு நேரத்தில் ஒரு ஹோல்டரைத்தான் திறந்தார். கடைசியில் டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கினார், அவ்வளவுதான்.

"இது மேல இருக்கறதால இங்கயே முடிஞ்சதுங்ணா. டிரைவ் ஷாஃப்ட் சீல் போயிருந்தாலோ, பம்ப் ஆயில்ல டீசல் கலந்திருந்தாலோ பம்பைக் கழட்டி டெஸ்ட் பெஞ்சுக்குத்தான் கொண்டு போகணும்."

மீண்டும் ஏர் எடுத்து, நுரை இல்லாமல் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை மூடி செல்ஃப் அடித்தார்கள். பிடித்துக்கொண்டது.

அன்று ராத்திரி ஓனர் இன்ஜினுக்குக் கீழே ஒரு பழைய பேப்பரை விரித்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதை எடுத்துப் படித்துக்கொண்டே டீ குடித்தார்.