நான்கு எண்கள்

கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசடர் கார்கள் செய்வது 2014 ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் அப்பழைய வண்டிகளைப் பொன்னேபோல் போற்றி வருவோர் பலர். 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் பூண்ட அத்தகைய வண்டியொன்று மேடேற மாட்டாமல் திணறுகிறது. உடையவர் கலங்குகிறார். “எஞ்சினைப் பிரித்துவிட வேண்டியதுதான்” என்கின்றனர் அருகில் நிற்போர். பிரிப்பது எளிது, பழைய உறுப்புகளுக்கு ஈடான புதியவற்றைத் தேடிப் பெறுவது எளிதன்று. ஆதலின், தொழிலறிந்த மெக்கானிக் ஸ்பானரை விடுத்து அமுக்கமானியைக் கையில் எடுக்கிறார்.

அவ்வெஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. பிஸ்டன் மேலெழும்போது, பெட்ரோலாவி கலந்த காற்று சிறியதோர் இடத்தில் அடைபட்டு அமுங்குகிறது. அது கசியாதிருந்தால்தான், தீப்பொறி பட்டதும் முழு வலிமையோடு பிஸ்டனைக் கீழே தள்ளும். வால்வு, பிஸ்டன் வளையம், எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையே உள்ள கேஸ்கட் ஆகியவையே கசிவு நேரும் முக்கிய இடங்கள்.

சோதனைக்கு முன் எஞ்சினை ஓட்டிச் சூடேற்ற வேண்டும். பின்னர் அதை நிறுத்தி, பற்றவைக்கும் மின்னோட்டத்தைத் துண்டித்து, ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட வேண்டும். மானியை ஒவ்வொரு துளையிலும் மாறிமாறிப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தவாறு, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சில சுற்றுகள் சுழற்ற வேண்டும். மிதிக்க மறந்தால் போதிய காற்று உட்புகாது. நான்கு எண்களும் தாழ்ந்தே நிற்கும். நல்ல எஞ்சின் வீண்பழி சுமப்பது இவ்வாறும் உண்டு!

சதுர அங்குலத்திற்கு 125, 120, 80, 125 இராத்தல் என மானி காட்டியதாகக் கொள்வோம். நான்கும் ஒருசேர 110 எனக் காட்டியிருந்தால் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. நெடுநாள் உழைத்த எஞ்சின் சீராகத் தேய்ந்துள்ளது என்பதே அதன் பொருள். மற்றவற்றினும் மிகத் தாழ்ந்த அந்த 80தான் கவலைக்குரியது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருங்கே தாழ்ந்திருப்பின், அவற்றிற்கு இடையே கேஸ்கட் பழுதுற்றிருக்கலாம் என ஐயுறுவர். இங்கோ மூன்றாவது மட்டுமே தாழ்ந்துள்ளது.

மெக்கானிக் அதன் துளையில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் சோதிக்கிறார். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிப் படிந்து, வளையங்களின் வழியே நேரும் கசிவைச் சிறிது நேரம் அடைக்கும். அப்போது எண் நன்கு உயர்ந்தால், தேய்ந்தவை வளையங்களே எனலாம். உயரவில்லையெனில் வால்வின்மீதே ஐயம் வலுக்கும். மானி 80ஐ விட்டு அசையவில்லை.

இனியும் தலையைக் கழற்ற அவர் விரையவில்லை. நாளடைவில் வால்வு தன் இருக்கையில் அமிழ்ந்துபோவதால், டாப்பெட்டில் இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி மறைந்துவிடுவதுண்டு. அப்போது வால்வு முற்றும் மூடாது. அவ்வாறே ஓட்டி வந்தால், கசியும் வெப்ப வாயு அதன் விளிம்பைக் கருக்கிவிடும். ஆகவே அவ்விடைவெளியை அளந்து திருத்தி, மறுபடியும் மானியைப் பொருத்துகிறார். எண் ஏறினால் வேலை முடிந்தது. ஏறாவிடினும் எஞ்சினின் தலையை மட்டும் கழற்றி வால்வைப் பார்த்தால் போதும். பிஸ்டன்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், எஞ்சினும் வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை.