குடிகாரக் குலமா?

போதைக்கு அடிமையானவனைப் பற்றி நாட்டிலே இரண்டு தீர்ப்புகள் எப்போதும் தயாராக உள்ளன. ஒழுக்கம் கெட்டவன் என்பது ஒன்று. அவன் பிறப்பே அப்படி என்பது மற்றொன்று. முன்னது அவனைத் தூற்றுவதோடு நின்றுவிடும். பின்னதோ, அவன் பிள்ளையையும் பேரனையும் சேர்த்துக் கட்டிவைக்கும். ஆகவே பின்னதைப் பற்றியே பேச விழைகிறோம்.

நாம் பணிபுரியும் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கணக்கிலே கெட்டிக்காரன். அவன் தந்தை சாக்கடைக் குழியில் இறங்கி அடைப்பெடுப்பவர். தக்க பாதுகாப்பின்றி மனிதனை அக்குழியில் இறக்கலாகாது என்று 2013-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தக்காரரின் கயிறுக்கு அது தெரியாது போலும்! இறங்குமுன் அவர் குடிப்பார். குடியாமல் அந்த நாற்றத்திலே மூச்சுவிட இயலாது என்பார். (குறை கூறும் அன்பர்கள் ஒரு நாள் குழியின் விளிம்பிலே நின்று பார்க்கட்டும்; இறங்கக்கூட வேண்டாம்.) ஒரு நாள், ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர், "அந்தத் தெருவே அப்படித்தான் சார், இரத்தத்திலே ஊறினது" என்றார். நோட்டுகளை அடுக்கி ஏந்தியபடி வாயிற்படியில் நின்றிருந்தான் அம்மாணவன்! அன்று முதல் வகுப்பிலே அவன் கை உயர்ந்ததில்லை. "எப்படியும் அப்பா வேலைதானே சார்" என்கிறான், பதின்மூன்று வயதிலே.

இரத்தத்தில் ஊறியதா? வியட்நாமில் நடந்ததைக் கேளுங்கள். 1971-ஆம் ஆண்டில், அங்கிருந்த அமெரிக்கப் படைவீரரிடையே ஹெராயின் பெருகிற்று. மலிவான சரக்கு, வீரியமும் மிகுதி. சாவு எந்தப் புதரில் என்றறியா வாழ்வு. அவ்வாண்டு செப்டம்பரில் தாயகம் திரும்பியோரை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தேடிப்பிடித்து ஆராய்ந்தார். களத்திலே ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அடிமையாகியிருந்தனர். அவர்களுள், ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு 5 பேர் அளவே! பெரும்பாலோர் மருத்துவமும் பெற்றவரல்லர். போதைப்பொருள் உடலைப் பற்றுவது மெய், நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பிடி எதனால் தளர்ந்தது? இடம் மாறிற்று, பெயரும் மாறிற்று. சிப்பாய் மீண்டும் மகனானான், கணவனானான், தொழிலாளியானான். நம் மாணவனின் தந்தைக்கோ குழியும் மாறவில்லை, தெருவின் பெயரும் மாறவில்லை.

வெள்ளைச் சிப்பாயின் கதை நமக்கெதற்கு என்பார் உண்டு. அவர்கட்குத் தமிழர் கதையே இருக்கிறது, மலேயாவில்!

ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற நம்மவர்க்கு விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம், இரவில் லயத்து அறை. இவற்றோடு தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை. கூலி வாங்கிய கை அங்கேயே காலியாகும். கடன்பட்டவன் ஓடமாட்டான், மயங்கியவன் கூட்டம் போடமாட்டான். கடைக்கு இடம் கொடுத்த துரைமாரே, குடி தமிழ்க் கூலியின் இயல்பு என்றும் பேசினர்.

1941-ஆம் ஆண்டு, சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் அந்தத் 'கூலிகள்' வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முன்னின்றார். அவர்களின் கோரிக்கைப் பட்டியலை நாம் பன்முறை படித்தோம். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி கேட்டனர். பிள்ளைகட்குக் கல்வி கேட்டனர். தம் பெண்டிரைத் தொல்லைப்படுத்துவது நிற்க வேண்டும் என்றனர். துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். அதே பட்டியலில், கள்ளுக்கடைகளை மூடுக என்றும் கேட்டனர்! எந்தச் சாமியாரும் அவர்கட்கு மதுவிலக்கு உபதேசம் செய்துவிடவில்லை. துரைக்கு முன் இறங்க மறுத்த காலே கள்ளுக்கடைப் படியேறவும் கூசிற்று.

ஆட்சியினர் அளித்த விடை? மே மாதத்தில் நாதனைச் சிறைப்பிடித்து, பின்னர் நாடு கடத்தினர். படையை ஏவினர். தொழிலாளர் சிலர் குண்டுபட்டு மாண்டனர். போர் முடிந்தபின், கெடாவின் தோட்டத்து இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடை வாயில்களிலே மறியல் நின்றனர். 1947-இல் அங்கே காவலர் வந்தனர். கடையை மூட அல்ல, மறியலைக் கலைக்க!